வீட்டில் லைட் மினுக்குகிறதா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

"பல்பை மாத்திட்டேன், மறுபடியும் மினுக்குது" என்று சொல்லித்தான் பெரும்பாலும் எனக்குப் போன் வரும். போய்ப் பார்த்தால் பல்பு புதிது, ஹோல்டர் புதிது, சில வீடுகளில் சுவிட்சும் புதிது. கோளாறு மட்டும், வீட்டுக்குள் வரும் மின்சாரம் லைன் லைனாகப் பிரியும் டி.பி. பாக்ஸுக்குள், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரின் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் அப்படியே இருக்கும்.

வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்த பிறகு யோசிக்கிறார்கள். எத்தனை விளக்கு மினுக்குகிறது, எந்த நேரத்தில் மினுக்குகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. அந்தப் பதில்களே கோளாறு இருக்கும் இடத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கீழே உள்ள முதல் நான்கு படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்; அதன் பிறகு எந்தப் படிக்குப் போவது என்று 3-ஆம் படி சொல்லும்.

1. மெயினை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

சில விளக்குகள் மங்கி, அதே நேரத்தில் வேறு சில வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஃபேன் திடீரென்று வேகமெடுத்து இரைந்தாலும் இதே அர்த்தம்தான்.

தெருவில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது மின்சாரத்தைக் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் ஒயர், ஒரு நியூட்ரல். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருக்கும்; இரண்டு ஃபேஸுக்கு இடையே ஏறத்தாழ 400 வோல்ட். நியூட்ரல் எங்காவது விட்டுப் போனால் 230 என்ற அளவைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. ஒரு வீட்டில் 150-க்கு இறங்கும், பக்கத்து வீட்டில் 300-ஐத் தாண்டும். டிவி, ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி எல்லாம் சில நிமிடங்களில் போய்விடும்.

ஒவ்வொரு லைனுக்கும் டி.பி. பாக்ஸில் உள்ள தானியங்கி சுவிட்சான எம்.சி.பி. விழுந்து காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது கூடுதல் கரண்டுக்கு விழும், கூடுதல் வோல்டேஜுக்கு விழாது. ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் மின்கசிவுக்குத்தான் விழும்.

பிளாஸ்டிக் கருகும் வாடை, டி.பி. பாக்ஸிலிருந்து சடசடவென்று சத்தம், குழாயைத் தொட்டால் ஷாக், இவற்றில் எது இருந்தாலும் மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். சோதித்துக்கொண்டிருக்க அங்கே நேரம் இல்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு 60 வாட் குண்டு பல்பு. பழைய மஞ்சள் வெளிச்ச பல்புதான். பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இந்த வேலையில் அதைவிட நல்ல கருவி இல்லை. வோல்டேஜ் பத்து இறங்கினாலே அதன் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும்.

நல்ல எல்.இ.டி. பல்பு இதற்கு நேர்மாறு. அதன் உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட், வோல்டேஜ் 150 ஆனாலும் 250 ஆனாலும் ஒரே வெளிச்சத்தைக் கொடுக்கப் பார்க்கும். அதனால் குண்டு பல்பு மங்கும்போது எல்.இ.டி. அசையாமல் எரிந்தால் அது வோல்டேஜ் இறக்கம். எல்.இ.டி.யும் சேர்ந்து துடித்தால் எங்கோ தொடர்பு விட்டு விட்டு ஒட்டுகிறது, அதாவது லூஸ். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் வேண்டும். கருப்பு ஒயர் காம் ஓட்டையில், சிவப்பு ஒயர் வோல்ட் ஓட்டையில், குமிழ் ஏ.சி. வோல்ட் 600 அல்லது 750-ல் இருக்க வேண்டும். சிவப்பு ஒயரை 10 ஆம்ப் ஓட்டையில் விட்டு அப்படியே சாக்கெட்டில் வைத்தால் நேரடி ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். ஒவ்வொரு முறை வைக்கும் முன்னும் சிவப்பு ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். நானும் இன்றுவரை பார்க்கிறேன்.

மற்றபடி டெஸ்டர், டார்ச், காய்ந்த ரப்பர் செருப்பு, நோட்டு, பேனா. கீசரைப் போட, மோட்டாரை நிறுத்த வீட்டில் இன்னொரு ஆள்.

டெஸ்டரைப் பற்றி ஒரு சங்கதி. அது ஃபேஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். நியூட்ரல் நன்றாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் ஒரு படுக்கையறையில் சாக்கெட்டின் ஒரு ஓட்டையில் டெஸ்டரை வைத்துவிட்டு, "அண்ணே, சப்ளை நல்லா இருக்கு, பல்புதான் போயிருக்கு" என்றான். "லைட் சுவிட்சைப் போட்டுட்டு இன்னொரு ஓட்டையில வைடா" என்றேன். அங்கேயும் டெஸ்டர் எரிந்தது. நியூட்ரல் அறுந்திருந்தது, ஃபேஸ், பல்பு வழியாகச் சுற்றி வந்து நியூட்ரல் ஓட்டையில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரலைத் தேடுங்கள். ஒயரைத் தொடாதீர்கள், அது நியூட்ரல் நிறத்தில் இருந்தாலும் ஷாக் அடிக்கும்.

3. எத்தனை விளக்கு என்று எண்ணுங்கள்

சாயங்காலம் எல்லா அறையிலும் லைட்டைப் போட்டுவிட்டு வீட்டை ஒரு சுற்று வாருங்கள்.

ஒரே ஒரு விளக்கு என்றால் பல்பு, ஹோல்டர், சுவிட்ச், இவற்றுக்கு இடையே ஓடும் ஒயர், இவ்வளவுதான். 5-ஆம் படிக்குப் போங்கள்.

ஒரு அறையோ, அடுத்தடுத்த இரண்டு அறைகளோ என்றால் அந்த லைனில் ஏதோ ஒரு ஜாயின்ட். 6-ஆம் படி.

வீடு முழுவதும் என்றால் டி.பி. பாக்ஸ், மின்வாரிய மீட்டர், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர். 7-ஆம் படி. பக்கத்து வீட்டிலும் அப்படியே இருந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை, நேரே 8-க்குப் போய்விடலாம்.

மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் இந்த எண்ணிக்கை குழப்பும். ஒரு ஃபேஸ் மட்டும் லூஸாக இருந்தால் ஹாலும் மாடி அறையும் மினுக்கும், நடுவில் உள்ள சமையலறை நன்றாக எரியும். சம்பந்தமில்லாத அறைகள் சேர்ந்து மினுக்கினால் அவை டி.பி. பாக்ஸில் ஒரே ஃபேஸில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னொரு கேள்வி: மினுக்குபவை எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் உள்ளவையா? ஆம் என்றால், பைபாஸ் சுவிட்ச் இருந்தால் அதை மாற்றி இன்வெர்ட்டரைத் தாண்டிவிட்டுப் பாருங்கள். மினுக்கல் நின்றால் உள்ளே உள்ள ரிலேயோ, இன்வெர்ட்டருக்குப் போய்வரும் ஒயரின் முனையோ காரணம். சுவரை உடைக்க வேண்டியதில்லை.

4. எப்போது என்று இரண்டு நாள் எழுதுங்கள்

இதைச் செய்யச் சொன்னால் பலருக்குப் பொறுமை இருக்காது. ஆனால் நான் போய் நிற்கும் நேரத்தில் லைட் சமத்தாக எரியும், நான் தெருமுனை தாண்டியதும் மினுக்கும். அப்போது உங்கள் நோட்டுதான் எனக்குச் சாட்சி. மணி, அப்போது ஓடிக்கொண்டிருந்த சாமான், காற்று, மழை, இவ்வளவு எழுதினால் போதும்.

சம்ப் மோட்டாரோ ஃபிரிட்ஜோ கிளம்பும்போது ஒரே ஒரு முறை மங்கித் தெளிந்தால் கவலை இல்லை. மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மோட்டார் ஓடும் நேரம் முழுக்க மங்கியே இருந்தால்தான் பார்க்க வேண்டும்.

காற்றடிக்கும்போது மட்டும் என்றால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர். மழைக்குப் பிறகு என்றால் சுவரோ கூரையோ ஒழுகி ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இறங்கியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வரும் அழைப்புகளில் இந்த இரண்டும் நிறைய. கதவை அறைந்து சாத்தினால் மினுக்குகிறது என்றால் அந்தச் சுவரில் உள்ள சுவிட்ச் போர்டு.

5. ஒரே விளக்கு என்றால்

முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். கடைக்குப் போய்ப் புதிது வாங்க வேண்டாம்; நன்றாக எரியும் பக்கத்து அறை பல்பை இங்கே, இங்கே உள்ளதை அங்கே. மினுக்கல் பல்போடு போனால் பல்பு. இடத்திலேயே நின்றால் ஹோல்டரோ சுவிட்சோ. புதுப் பல்பு போட்டால் சரியாகிவிட்டது போலத் தோன்றும், ஆனால் கழற்றி மாட்டிய அசைவில் ஹோல்டர் தற்காலிகமாக ஒட்டியிருக்கலாம். இடம் மாற்றிப் பார்த்தால் அந்த ஏமாற்றம் கிடையாது.

அடுத்து ஹோல்டர். லைனை எம்.சி.பி.யில் நிறுத்துங்கள், பல்பைக் கழற்றுங்கள், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இரண்டு பித்தளை முனைகளும் ஸ்பிரிங்கில் துள்ள வேண்டும். ஒன்று அமுங்கியே கிடந்தாலோ கருத்துப்போயிருந்தாலோ ஹோல்டரை மாற்றிவிடுங்கள். கத்தியால் சுரண்டிச் சரிசெய்தால் சில வாரத்தில் திரும்பி வரும்.

பிறகு சுவிட்ச். போடும்போது உள்ளே பொரிவதுபோல் சத்தம் வந்தாலோ, விரலால் லேசாக அசைத்தால் வெளிச்சம் ஆடினாலோ சுவிட்சின் உள்முனை தேய்ந்திருக்கிறது.

சோக் வைத்த டியூப் லைட் என்றால் இரண்டு முனையும் கருத்திருக்கிறதா பாருங்கள். கருத்திருந்தால் டியூப் ஆயுள் முடிந்தது. முனை வெள்ளையாக இருந்தும் எரிய முடியாமல் துடித்தால் ஸ்டார்ட்டரை மாற்றுங்கள்.

ஒயரிங் கோளாறே இல்லாத மூன்று மினுக்கல்கள் உண்டு. சாதாரண எல்.இ.டி. பல்பை டிம்மரில் போட்டால் துடிக்கும். பல்பு டிம்மருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். செல்போன் கேமராவில் மட்டும் கோடு கோடாகத் தெரிந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது மலிவான டிரைவரின் குணம். நம் சப்ளை நொடிக்கு 50 சுற்று, வெளிச்சம் 100 முறை ஏறி இறங்குகிறது. மூன்றாவது, சுவிட்சை நிறுத்திய பிறகும் பல்பு லேசாக எரிவது அல்லது சில நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டுவது. சுவிட்சில் உள்ள சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கசியும் கரண்ட், டிரைவரின் கெப்பாசிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். நிரம்பியதும் ஒரு மின்னல் அடித்து அணையும்.

ஆனால் இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சில் இப்படி நடந்தால் விட்டுவிடாதீர்கள். நிறுத்திய நிலையில் ஹோல்டர் முனையில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால், சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டுகிறது என்ற சந்தேகம் வர வேண்டும். சுவிட்சை நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பு மாற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரை மாற்றிக் கட்ட வேண்டும்.

6. ஒரு லைன் முழுவதும் என்றால்

எந்த எம்.சி.பி. அந்த விளக்குகளுக்கு உரியது என்று கண்டுபிடித்து ஒட்டுச்சீட்டு எழுதி ஒட்டுங்கள். பிறகு அந்த லைனில் நன்றாக எரியும் கடைசி இடம் எது, மினுக்கும் முதல் இடம் எது என்று தேடுங்கள். ஒயர் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப் அடித்துப் போகிறது. ஆகவே கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். எல்லாப் போர்டையும் திறந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எம்.சி.பி.யை நிறுத்துங்கள். டெஸ்டரை முதலில் சப்ளை இருக்கும் வேறு ஒரு சாக்கெட்டில் வைத்து அது எரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகுதான் திறக்கும் போர்டில் வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டர் பழுதாகியிருந்தால் எல்லா ஒயரும் செத்த ஒயர்போலத்தான் தெரியும். ஒரு போர்டில் இரண்டு எம்.சி.பி.யின் ஒயர்கள் இருப்பதும் சகஜம், அதனால் உள்ளே உள்ள ஒவ்வொரு முனையிலும் வைத்துப் பாருங்கள்.

திறந்ததும் ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். ஸ்க்ரூவுக்கு அடியில் இருந்து வெளியே வந்துவிட்டால் அதுதான். வராவிட்டாலும் முனைக்கு அருகில் உறை பழுப்பேறியிருக்கிறதா, மொறுமொறுப்பாக உடைகிறதா என்று பாருங்கள். கருகிய நீளத்தை வெட்டிவிட்டுப் புதுச் செம்பு தெரியும்படி சீவி, மடித்து, முடுக்க வேண்டும். கருகிய ஒயரின் மேலேயே ஸ்க்ரூவை இறுக்குவது நான் அதிகம் பார்க்கும் தவறு. மேலே படிந்த கரி மின்சாரத்தைச் சரியாக விடாது, மறுபடியும் சூடேறும்.

பழைய வீடுகளில் சீலிங் ஜங்ஷன் பாக்ஸுக்குள் நியூட்ரல் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். போர்டில் எல்லாம் நன்றாக இருந்தால் அங்கே பாருங்கள். டேப்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூ கனெக்டர் போட்டு மூடுங்கள்.

7. வீடு முழுவதும் என்றால்: லோடு வைத்து அளப்பது

கீசர், அயர்ன் பாக்ஸ் இரண்டில் ஒன்று வேண்டும். மோட்டார் வேண்டாம், அதன் கரண்ட் நிலையாக இருக்காது.

முதலில் லோடு இல்லாமல், அதாவது கீசர் போன்ற பெரிய சாமான் எதுவும் ஓடாமல், ஒரு சாக்கெட்டில் வோல்டேஜை அளந்து எழுதுங்கள். 216 முதல் 244 வரை இருந்தால் சரி. அடுத்து கீசரைப் போடச் சொல்லிவிட்டு, கீசர் லைனில் சேராத வேறு ஒரு சாக்கெட்டில் அளந்து எழுதுங்கள். வேறு லைன் என்பதுதான் இங்கே முக்கியம். அந்த லைனில் கீசர் கரண்ட் ஓடவில்லை. அங்கேயும் வோல்டேஜ் இறங்கினால் எல்லா லைனுக்கும் பொதுவான பாதையில்தான் கோளாறு. இரண்டு மூன்று வோல்ட் இறங்குவது இயல்பு. பத்துக்கு மேல் என்றால் விடக் கூடாது.

தஞ்சாவூரில் என் அக்கா வீட்டில் இதைத்தான் செய்தேன். "காலையில கீசர் போட்டா வீடே மங்கிப் போகுதுடா தம்பி, கீசரை மாத்திடலாமா?" என்று கேட்டார். வீட்டுக்கு முன்பு ஒயரிங் செய்தவர் வந்து பார்த்து, வெளியே வோல்டேஜ் கம்மி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அளந்தேன். கீசர் இல்லாமல் 226, கீசர் போட்டதும் 215. பக்கத்து வீட்டில் அதே நேரத்தில் 225-ல் நின்றது. மீட்டருக்கு இந்தப் பக்கம்தான் என்று உறுதியானது. சப்ளையை மீட்டர் பக்கத்து மெயினில் நிறுத்திவிட்டு டி.பி. பாக்ஸைத் திறந்தால், அதன் மெயின் சுவிட்சான ஐசொலேட்டருக்கு வரும் நியூட்ரல் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று சுற்றியது. அந்தக் கருப்பு ஒயரின் முனை ஒரு அங்குலத்துக்குச் சாம்பல் நிறமாகி, உறை உருகி ஸ்க்ரூவோடு ஒட்டியிருந்தது. வெட்டிச் சீவி, முனை கருகிய ஐசொலேட்டரையும் மாற்றிய பிறகு கீசர் போட்டு அளந்தால் 223.

215-க்கும் 223-க்கும் இடையே உள்ள அந்த எட்டு வோல்ட் எங்கே போனது என்று கணக்குப் போடுங்கள். 2000 வாட் கீசர் இழுப்பது எட்டரை ஆம்ப். எட்டு வோல்ட், எட்டரை ஆம்ப், பெருக்கினால் கிட்டத்தட்ட 70 வாட். ரேடியோ ரிப்பேர்காரர் ஈயத்தை உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி மூன்று, தினமும் காலையில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சூடேறிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். லைட் மினுக்கலைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சாம்பல் நிற ஒயர்தான் கண் முன் வரும்.

டி.பி. பாக்ஸைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கக் கூடாது. அதில் உள்ள ஐசொலேட்டரைக் கீழே தள்ளினால் வீட்டுக்குள் சப்ளை நிற்கும், ஆனால் ஐசொலேட்டருக்கு வந்து சேரும் முனையில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். மெயினை நிறுத்தியாகிவிட்டது என்று கை வைத்தவர்கள் பலர் அடிபட்டது அந்த முனையில்தான். அளந்து எழுதுவது வரை உங்கள் வேலை. நோட்டைக் காட்டி, "நியூட்ரல் லிங்க், ஐசொலேட்டர், மீட்டரிலிருந்து வரும் முனை, மூன்றையும் பார்த்துச் சொல்லுங்க" என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

8. மீட்டருக்கு வெளியே

மீட்டர் சீல், அதற்கு முன்னால் உள்ள ஃபியூஸ், சர்வீஸ் ஒயர், கம்பம், இவை மின்வாரியத்தின் பொறுப்பு. எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது. தரையில் நின்றே பாருங்கள்: தென்னை மட்டையோ முருங்கைக் கிளையோ ஒயரில் உரசுகிறதா, இரவில் கம்பத்து ஜாயின்டில் பொறி தெரிகிறதா. கழி வைத்துத் தட்டிவிடவே கூடாது.

அலுமினியமும் செம்பும் நேரடியாகச் சேரும் ஜாயின்டில் ஈரம் பட்டால் அரிப்பு பிடிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அதை இன்னும் சீக்கிரமாக்கும்.

புகாருக்கு, தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். "லைட் மினுக்குது" என்று மட்டும் சொன்னால் அவசரம் புரியாது. "வோல்டேஜ் 180-க்கும் 260-க்கும் நடுவுல அலையுது, பக்கத்து வீட்லயும் அப்படித்தான், நியூட்ரல் லூஸ் மாதிரி தெரியுது" என்று அளந்த எண்ணோடு சொல்லுங்கள். லைன்மேன் வரும்வரை மெயினை நிறுத்தியே வையுங்கள்.

9. சரிசெய்த பிறகு

அதே கீசர், அதே சாக்கெட், அதே மல்டிமீட்டர். மறுபடியும் இரண்டு முறை அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். கண்ணுக்கு மினுக்கல் நின்றது போதாது. ஸ்க்ரூ பாதி இறுகினாலும் சில நாள் அப்படித்தான் நிற்கும். வித்தியாசம் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

மீட்டரிலிருந்து டி.பி. வரை அலுமினிய ஒயர் ஓடும் வீடாக இருந்தால் ஆறு மாதம் கழித்து ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஸ்க்ரூக்களை முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியம் மெத்தென்ற உலோகம், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிக்கொள்ளும். அவர் வரும் நாளில் நோட்டை எடுத்து வையுங்கள், முதலில் கீசரைப் போட்டு அளந்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும்.